ஈடன் ஒரு 'மாவட்டம்' அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் உள்ளாட்சிச் செய்திகளில் 'டிஸ்ட்ரிக்ட்' என்ற சொல்லைப் பார்த்ததும் நம் கை தானாக 'மாவட்டம்' என்று எழுதிவிடுகிறது. தங்கள் இதழ் மட்டுமல்ல, தமிழ் இதழ்கள் பலவும் அப்படித்தான். 2024 டிசம்பரில் அந்நாட்டு அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, எஞ்சியிருக்கும் 164 டிஸ்ட்ரிக்ட் கவுன்சில்களையும் கலைத்துப் பெரிய ஒற்றை அடுக்குக் கவுன்சில்களாக்க வேண்டும் என்கிறது. ஆகவே இத்தகைய செய்திகள் இனி அடிக்கடி வரும். 'மாவட்டங்கள் ஒழிப்பு' என்று தலைப்பு வந்தால், ஆட்சியர் அலுவலகத்தையே இழுத்து மூடுகிறார்கள் என்றுதான் நம் வாசகர் எண்ணுவார். நடப்பது அதுவல்ல. ஏற்கெனவே கலைக்கப்பட்ட ஒரு டிஸ்ட்ரிக்டை எடுத்துக்கொண்டு இதை விளக்குவது எளிது. வடமேற்கு இங்கிலாந்தில், கம்ப்ரியா கவுண்டியில் (கவுண்டி என்பது டிஸ்ட்ரிக்டுக்கு மேல் அடுக்கு) இருந்த ஈடன் அதற்குப் பொருத்தமானது.

1972-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின்படி 1974 ஏப்ரல் 1 அன்று கம்ப்ரியாவில் ஆறு டிஸ்ட்ரிக்டுகள் உருவாயின. அவற்றில் ஒன்று ஈடன். பெயர் அங்கு ஓடும் ஆற்றினுடையது. பரப்பு 2,142 சதுர கி.மீ. அதாவது நம் கன்னியாகுமரி மாவட்டத்தைவிடப் பெரியது. ஆனால் 2011 கணக்கெடுப்பில் அங்கிருந்தவர்கள் 52,564 பேர் மட்டுமே. கன்னியாகுமரியிலோ அதே ஆண்டில் 18 லட்சத்துக்கும் மேல். சதுர கி.மீ.க்கு 25 பேர்கூட இல்லாத ஈடன்தான் மக்கள் நெருக்கத்தில் இங்கிலாந்தின் கடைசி டிஸ்ட்ரிக்ட். பென்ரித், ஆப்பிள்பி, கெர்பி ஸ்டீவன், அல்ஸ்டன் என்று நான்கு சிறு சந்தை ஊர்கள். மீதியெல்லாம் ஆடு மேயும் குன்றுகள், கல்வேலிகள், இருபது முப்பது வீடுகள் கொண்ட குடியிருப்புகள்.

அங்கே ஆட்சியர் கிடையாது. மேலிருந்து நியமிக்கப்படும் அதிகாரியும் கிடையாது. தேர்ந்தெடுக்கப்பட்ட 38 கவுன்சிலர்களும், அவர்களே வேலைக்கு அமர்த்திய தலைமை நிர்வாகியும்தான். வருவாய்த்துறையோ சட்டம் ஒழுங்கோ அவர்கள் கையில் இல்லை. நம் மூன்றடுக்கு ஊராட்சி முறையோடு வைத்துப் பார்த்தால் கவுண்டியை மாவட்டம் எனலாம், டிஸ்ட்ரிக்ட் ஒன்றியத்துக்குப் பக்கத்தில் வரும், பாரிஷ் கிராம ஊராட்சிக்கு. இது முழுக்கப் பொருந்தாது என்பது உண்மை. நம் ஒன்றியத்தில் நகராட்சி சேராது. ஈடனிலோ ஊரும் பட்டணமும் ஒன்றாகவே இருந்தன. நம் ஒன்றியத்துக்கு இல்லாத கட்டட அனுமதி அதிகாரமும் அதற்கு இருந்தது. ஆனாலும் 'மாவட்டம்' என்பதைவிட இது உண்மைக்கு மிக அருகில் நிற்கிறது.

யாரிடம் எந்த வேலை இருந்தது என்பதில்தான் குழப்பம் அதிகம். வீட்டு வாசலில் குப்பையை எடுப்பது டிஸ்ட்ரிக்ட். எடுத்த குப்பையை என்ன செய்வது என்று முடிவெடுப்பது கவுண்டி. சாலைக் குழி, பள்ளிக்கூடம், நூலகம், முதியோர் பராமரிப்பு எல்லாம் கவுண்டி. ஆனால் ஈடனைக் குறுக்கே வெட்டிப் போகும் எம்6, ஏ66 இரண்டும் தேசிய நெடுஞ்சாலை நிறுவனத்துடையவை. அங்கே குழி விழுந்தால் கவுண்டியிடம் முறையிட்டுப் பயனில்லை. வீட்டுவசதி, உணவகச் சுகாதாரம், மதுக்கடை உரிமம், வாக்காளர் பட்டியல், கட்டட அனுமதி ஆகியவை டிஸ்ட்ரிக்ட். கவுன்சில் வரி ரசீதை அனுப்பிப் பணம் வசூலிப்பதும் டிஸ்ட்ரிக்ட்தான். ஆனால் வசூலான பணத்தில் பெரும்பங்கு கவுண்டிக்குப் போய்விடும். காவல்துறைக்கு ஒரு பங்கு, பாரிஷுக்கு ஒரு சிறு பங்கு. ரசீதில் டிஸ்ட்ரிக்டின் பெயர் இருப்பதால் திட்டு மட்டும் முழுவதும் அதற்கே.

போதாக்குறைக்கு, கட்டட அனுமதி எல்லா இடத்திலும் டிஸ்ட்ரிக்டிடம் இல்லை. அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் கிளென்ரிடிங், பேட்டர்டேல் போன்ற ஊர்கள் ஏரி மாவட்டத் தேசியப் பூங்காவுக்குள் இருப்பவை. அங்கே சமையலறையை நீட்டிக் கட்ட வேண்டுமானாலும் மனு பூங்கா ஆணையத்துக்குத்தான் போகும். குப்பைத் தொட்டிக்கு மட்டும் பென்ரித்தில் இருந்த டிஸ்ட்ரிக்ட் அலுவலகம். 2016 ஆகஸ்ட் 1 அன்று யார்க்ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்காவின் எல்லை விரிந்தபோது மாலர்ஸ்டாங், ஆர்ட்டன் பகுதிகள் அதற்குள் போயின. 1974-க்கு முன் இருந்த வெஸ்ட்மோர்லாந்து கவுண்டிக்காரர்கள் தங்கள் குன்றுகள் 'யார்க்ஷயர்' பெயரில் நிற்பதை இன்னும் ஜீரணிக்கவில்லை. ('ஏரி மாவட்டம்' என்பதிலும் அதே சொல் சிக்கல்தான், அங்கே 'டிஸ்ட்ரிக்ட்' என்றால் வெறும் வட்டாரம், எந்தக் கவுன்சிலும் இல்லை.)

2023 ஏப்ரல் 1 அன்று கம்ப்ரியா கவுண்டி கவுன்சிலும் ஆறு டிஸ்ட்ரிக்ட் கவுன்சில்களும் ஒரே நாளில் கலைந்தன. இரண்டு ஒற்றை அடுக்குக் கவுன்சில்கள் வந்தன. ஈடன், சவுத் லேக்லாந்து, பாரோ மூன்றும் சேர்ந்து 'வெஸ்ட்மோர்லாந்து அண்ட் ஃபர்னஸ்' ஆயின. மற்ற மூன்றும் 'கம்பர்லாந்து'. குப்பையை எடுப்பவரும் கொட்டுபவரும் ஒருவரே ஆனது நல்லதே. சாலையும் கட்டட அனுமதியும் ஒரே கூரையின் கீழ் வந்ததும் நல்லதே. ஆனால் கவுன்சிலர் எண்ணிக்கை புதிய பகுதி முழுவதற்கும் 65 மட்டுமே. அதே நிலப்பரப்பின் ஒரு பகுதிக்கு முன்பு ஈடன் மட்டும் 38 பேரை வைத்திருந்தது. தலைமையிடம் கெண்டல். அல்ஸ்டனில் இருப்பவர் அங்கே போக முதலில் 580 மீட்டர் உயர ஹார்ட்சைடு கணவாய் ஏறி இறங்கிப் பென்ரித் வர வேண்டும், பிறகு ஷாப் மேட்டைத் தாண்ட வேண்டும். பனிக்காலத்தில் முதல் பாதியே நடக்காது. அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் கட்டும் பாரோ துறைமுகமும் மேய்ச்சல் குன்றுகளும் ஒரே வரவுசெலவுத் திட்டத்தில் போட்டியிடுகின்றன. இதைச் சமாளிக்கப் பழைய மூன்று பகுதிகளுக்கும் வட்டாரக் குழுக்களை அமைத்திருக்கிறார்கள். இவ்வளவுக்கும் புதிய கவுன்சிலின் மக்கள்தொகை சுமார் 2 லட்சத்து 26 ஆயிரம்தான். வெள்ளை அறிக்கை இனி வரும் கவுன்சில்களுக்குச் சொல்லும் அளவுகோலோ 5 லட்சம்.

இத்தனை கலைப்பிலும் கலையாமல் இருந்தது பாரிஷ் கவுன்சில். செய்திகளில் விட்டுப்போவதும் அதுதான். 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த இந்த அமைப்பு 1974-ஐயும் தாண்டியது, 2023-ஐயும் தாண்டியது. 'பாரிஷ்' என்றதும் தேவாலயப் பங்கு என்று மொழிபெயர்ப்பவர்களும் உண்டு. பெயர் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் 1894-க்குப் பிறகு சிவில் பாரிஷுக்கும் பாதிரியாருக்கும் நிர்வாகத் தொடர்பு இல்லை.

புதிதாக அமையும் பாரிஷில் 1,000 வாக்காளர்களுக்குக் குறையாமல் இருந்தால் கவுன்சில் கட்டாயம் இருக்க வேண்டும். 150-க்குக் கீழே போனால் பெரும்பாலும் கவுன்சில் இருக்காது. வாக்காளர் எல்லாரும் கூடும் பாரிஷ் கூட்டமே ஊர் நிர்வாகம். அப்படிப்பட்ட ஊரில் ஆண்டுக்கு இரண்டு முறையாவது கூட வேண்டும். கவுன்சில் இருக்கும் ஊரிலும் மார்ச் 1-க்கும் ஜூன் 1-க்கும் இடையில் ஆண்டுக்கு ஒருமுறை ஊர்க்கூட்டம் நடக்க வேண்டும். மாலை 6 மணிக்கு முன்னால் தொடங்கக் கூடாது. வயல் வேலை முடிந்து வருபவர்களுக்காக வைத்த விதி இது. நம் கிராம சபைக்கு இதைவிட நெருங்கிய உறவு இங்கிலாந்தில் இல்லை. கவுன்சில் கூட்டாவிட்டாலும் ஆறு வாக்காளர்கள் கையெழுத்திட்டுக் கூட்டத்தைக் கூட்டலாம் என்பது பலருக்குத் தெரியாது. வேறு தகுந்த இடம் நியாயமான வாடகைக்குக் கிடைக்கும்போது, மது விற்கும் இடத்தில் கூட்டம் நடத்தக் கூடாது என்றும் விதி இருக்கிறது. அந்த ஊர்களைப் பார்த்தவர்களுக்கு அது எதற்கு என்று புரியும்.

கவுன்சிலர்கள் குறைந்தது ஐந்து பேர். சம்பளம் இல்லை. சம்பளம் வாங்குபவர் பெரும்பாலும் கிளார்க் ஒருவரே. சிறிய பாரிஷில் அவருக்கு வாரத்துக்குச் சில மணி நேர வேலைதான், சில சமயம் மூன்று நான்கு பாரிஷ்களுக்கு ஒரே கிளார்க். கூட்டத்துக்கு மூன்று முழு நாள் முன்னதாக நிகழ்ச்சி நிரலை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். ஒட்டும் நாளையும் கூட்ட நாளையும் சேர்க்காமல், ஞாயிற்றுக்கிழமையையும் கழித்துத்தான் எண்ண வேண்டும். திங்கள் கூட்டத்துக்கு வெள்ளியன்று ஒட்டிவிட்டு 'மூன்று நாள் ஆயிற்றே' என்று நினைத்தால் கூட்டமே செல்லாது. நிரலில் இல்லாத விஷயத்தில் எடுத்த தீர்மானமும் செல்லாது. புதிய கவுன்சிலர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இது.

பணம் வருவது 'பிரிசெப்ட்' வழியாக, அதாவது கவுன்சில் வரியோடு சேர்த்து வசூலாகும் பாரிஷ் பங்கு. கணக்கு எளிது. ஊரில் உள்ள வீடுகளை, 1991 ஏப்ரல் 1 நிலவரப்படி அவற்றின் மதிப்பை வைத்து ஏ முதல் எச் வரை எட்டுப் பிரிவாக்கி, எல்லாவற்றையும் டி பிரிவுக்குச் சமமாக மாற்றி ஓர் எண் தருவார்கள். உதாரணத்துக்கு 225 என்று வைத்துக்கொள்வோம். ஊருக்கு ஆண்டுக்கு 9,000 பவுண்ட் வேண்டுமானால் டி பிரிவு வீட்டுக்கு 40 பவுண்ட். ஏ பிரிவு இதில் ஒன்பதில் ஆறு பங்கு, அதாவது 26 பவுண்ட் 67 பென்ஸ். எச் பிரிவு இரண்டு மடங்கு, 80 பவுண்ட். மேல்மட்டக் கவுன்சில்கள் குறிப்பிட்ட விழுக்காட்டுக்கு மேல் வரி ஏற்ற மக்கள் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். பாரிஷுக்கு அந்தக் கட்டுப்பாடு இதுவரை விதிக்கப்படவில்லை. அதனால்தான் மேலே இருப்பவர்கள் கைவிடும் வேலைகள் கீழே வந்து விழுகின்றன. பொதுக் கழிப்பறை அதற்கு நல்ல உதாரணம். முன்பு பாரிஷ்கள் அதை ஏற்கத் தயங்கியதற்கு வணிகச் சொத்துவரியும் ஒரு காரணம். 2021-இல் வந்த சட்டம் தனியாக நிற்கும் பொதுக் கழிப்பறைக்கு அந்த வரியை முழுவதும் நீக்கியது. சுத்தம் செய்யும் கூலி, தண்ணீர், குளிரில் வெடிக்கும் குழாய் ஆகியவை மட்டும் இப்போது ஊர்ப் பொறுப்பு.

வரவுசெலவு 25,000 பவுண்டுக்குள் இருந்தால் வெளித் தணிக்கையிலிருந்து விலக்குக் கோரலாம். ஆனால் உள் தணிக்கையாளர் வேண்டும்; கணக்கை 30 வேலை நாள்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவும் வேண்டும். கையிருப்பு மூன்று மாதச் செலவுக்குக் குறையாமலும் ஓராண்டுச் செலவைத் தாண்டாமலும் இருப்பது நல்லது என்பது பொதுவான வழிகாட்டல். சிறிய பாரிஷைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இடைத்தேர்தல். கவுன்சிலர் இடம் காலியானால் அறிவிப்பு ஒட்டுவார்கள்; 14 வேலை நாளுக்குள் 10 வாக்காளர்கள் கேட்டால் தேர்தல் நடத்தியாக வேண்டும். அந்தச் செலவு பாரிஷின் தலையில். ஆண்டு வருமானமே 9,000 பவுண்ட் உள்ள ஊரில் இந்த ஒரு செலவு மொத்தக் கணக்கையும் குலைத்துவிடும். யாரும் கேட்காவிட்டால் கவுன்சிலே தகுதியானவரை நியமித்துக்கொள்ளலாம். பல ஊர்களில் பாதிக் கவுன்சில் இப்படி வந்தவர்கள்தான். போட்டியிட ஆள் கிடைக்காததே காரணம்.

ஒரு வியப்பு: ஈடனின் பெரிய ஊரான பென்ரித்துக்கு 1974 முதல் 2015 வரை சொந்தமாகப் பாரிஷே இல்லை. பழைய நகரக் கவுன்சில் டிஸ்ட்ரிக்டுக்குள் கரைந்ததோடு சரி. சுற்றியுள்ள குக்கிராமங்களுக்கெல்லாம் கவுன்சில் இருக்க, பென்ரித்துக்கு மட்டும் இல்லை. 2015-இல் நகரக் கவுன்சில் அமைந்தது. சட்டப்படி அதுவும் பாரிஷ் கவுன்சில்தான், பெயரில்தான் வித்தியாசம். டிஸ்ட்ரிக்ட் கலைந்தபோது அந்தக் கவுன்சில் மட்டும் இல்லாதிருந்தால் பென்ரித்தின் குரல் கெண்டல் வரை போயிருக்காது.

கட்டட அனுமதியில் பாரிஷுக்குத் தடுக்கும் அதிகாரம் இல்லை. கருத்துச் சொல்ல 21 நாள் உண்டு, அவ்வளவே. அந்தக் கருத்தையும் வீணாக்குபவர்கள் அதிகம். 'எங்கள் வீட்டுக் காட்சி மறையும்', 'வீட்டு விலை இறங்கும்' என்பவை சட்டத்தின் பார்வையில் காரணங்களே அல்ல. வளைவில் வண்டி வருவது தெரியாத சாலை, வெள்ள வடிகால், பக்கத்து வீட்டுக்கு வெளிச்சம் மறைவது, பழைமைக் கட்டடத்துக்குக் கேடு போன்றவைதான் எடுபடும். எந்தக் கொள்கையின் எந்தப் பிரிவுக்கு முரண் என்று எண் குறித்து எழுதினால் அதிகாரி படிப்பார். 'ஊர் எதிர்க்கிறது' என்று ஒற்றை வரியில் எழுதினால் கோப்பில் போய்ச் சேரும்.

தடுக்கும் அதிகாரம் இல்லாத இந்த ஊர்கள் வேறொரு வழியில் அதிகாரம் பெற்றதுதான் ஈடன் வரலாற்றில் முக்கியமானது. 2011-ஆம் ஆண்டு உள்ளூர்மயச் சட்டம், ஊரே தன் வளர்ச்சித் திட்டத்தை எழுதலாம் என்றது. நாட்டிலேயே முதலில் வாக்கெடுப்பில் வென்ற ஊர்த்திட்டம் கெர்பி ஸ்டீவனைச் சுற்றியுள்ள 17 பாரிஷ்கள் சேர்ந்து எழுதிய 'அப்பர் ஈடன்' திட்டம். 2013 மார்ச் 7 அன்று வாக்கெடுப்பு. மூன்றில் ஒருவர்தான் வாக்களிக்க வந்தார்கள், வந்தவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் 'சரி' என்றார்கள்.

இதன் படிகளைச் சொல்வது பயன்படும். முதலில் எல்லையை அறிவிக்கக் கேட்க வேண்டும். பல பாரிஷ்கள் சேர்ந்தால் ஒன்று முன்னின்று மற்றவற்றின் சம்மதத்தோடு விண்ணப்பிக்கும். வரைவு எழுதி ஊரில் ஆறு வாரம் கருத்துக் கேட்க வேண்டும். திருத்திக் கவுன்சிலிடம் கொடுத்தால் அது இன்னொரு ஆறு வாரம் மக்கள் முன் வைக்கும். பிறகு ஊரோடு தொடர்பில்லாத பரிசீலகர் ஒருவர் படித்துப் பார்ப்பார். தேசியக் கொள்கையோடும் கவுன்சிலின் மேல் திட்டத்தின் அடிப்படை நோக்கங்களோடும் முரண்படாமல் இருந்தால் வாக்கெடுப்பு. பாதிக்கு மேல் போதும். குறைந்தபட்ச வாக்குப்பதிவு என்று எதுவும் இல்லை. வென்றால் அது சட்டபூர்வமான வளர்ச்சித் திட்டத்தின் பகுதி. வேறு தகுந்த காரணம் இருந்தாலொழிய அதிகாரியும் மேல்முறையீட்டு ஆய்வாளரும் அதன்படி நடக்க வேண்டும். வழக்கமாகத் தடம்புரள்வது சான்று இல்லாத வாக்கியங்களால். 'சிறிய வீடுகள் வேண்டும்' என்று எழுதிவிட்டு எத்தனை குடும்பங்களுக்கு, எந்த வருமானத்தில் என்று கணக்கெடுக்காமல் விட்டால் பரிசீலகர் அந்த வரியை அடித்துவிடுவார்.

இன்னொரு தவறான எண்ணம், வீடு வராமல் தடுக்கவே ஊர்த்திட்டம் என்பது. சட்டப்படி மேல் திட்டம் சொன்னதைவிடக் குறைவான வீடுகளை அது முன்வைக்க முடியாது. அப்பர் ஈடன் நேர் எதிரான காரணத்துக்காக எழுதப்பட்டது. டிஸ்ட்ரிக்டின் 2010 திட்டம் புதிய வீடுகளைச் சந்தை ஊர்களிலும் பெரிய கிராமங்களிலும் குவித்தது. குன்றுப் பண்ணையில் அப்பா அம்மாவோடு சேர்ந்து ஆடு மேய்க்கும் மகனுக்குப் பண்ணையிலேயே வீடு கட்ட வழியில்லை. ஊர்த்திட்டம் பண்ணை வீடுகளுக்கும், உள்ளூர்க்காரர் தனக்காகக் கட்டும் ஒற்றை வீட்டுக்கும், முதியோர் வீடுகளுக்கும் வாசலைத் திறந்தது. பதிலுக்கு உள்ளூர்த் தொடர்பு உள்ளவரே குடியிருக்க வேண்டும் என்று கட்டு வைத்தது. வேக இணையம் பற்றியும் அதில் கொள்கை உண்டு. டிஸ்ட்ரிக்ட் கலைந்த பிறகும் அந்தத் திட்டம் கலையவில்லை. புதிய கவுன்சில் அதைச் சேர்த்தே ஏற்றது.

ஆனால் காகிதத்தில் திறந்த வாசலை 2022 மார்ச்சில் ஆறு அடைத்தது. ஈடன் ஆறு சிறப்புப் பாதுகாப்புப் பகுதி. அதில் பாஸ்பரஸ் மிகுந்து பாசி படர்வதால், படுகையில் எந்தப் புதிய வீடும் கழிவுநீர் வழியாகக் கூடுதல் பாஸ்பரஸ் சேர்க்காது என்று காட்டினால்தான் அனுமதி என இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அறிவுறுத்தியது. அனுமதிகள் தேங்கின. கணக்கில் ஒரு வீட்டுக்குச் சராசரி 2.4 பேர். புதிதாக இரவு தங்கும் இடமெல்லாம் இதில் சேரும், விடுமுறைக் குடில்கூட. ஏற்கெனவே உள்ள வீட்டை நீட்டுவது பொதுவாகச் சேராது. ஈடு செய்ய ஈரநிலம் அமைக்கலாம், பழைய கழிவுத்தொட்டிகளை மாற்றித் தரலாம்.

சாக்கடைக் குழாய் எட்டாத வீடுகள் அங்கே ஏராளம். கழிவுத்தொட்டியின் நீரை நேரே ஓடையில் விடுவது 2020 ஜனவரி 1 முதல் ஏற்கப்படுவதில்லை. சுத்திகரிப்பு இயந்திரம் வைக்க வேண்டும், அல்லது மண்ணில் ஊற விட வேண்டும். மண் ஊறுமா என்று பார்க்க, குழாய் வரும் ஆழத்துக்குக் கீழே 300 மி.மீ. சதுரம், 300 மி.மீ. ஆழத்தில் குழி வெட்டி நீர் நிரப்பி ஓர் இரவு விடுவார்கள். மறுநாள் மீண்டும் நிரப்பி, முக்கால் மட்டத்திலிருந்து கால் மட்டத்துக்கு இறங்கும் நொடிகளை 150-ஆல் வகுப்பார்கள். விடை 100-ஐத் தாண்டக் கூடாது, மிகக் குறைவாகவும் இருக்கக் கூடாது. அந்த எண்ணை ஆட்களின் எண்ணிக்கையாலும் 0.25-ஆலும் பெருக்கினால் ஊறுகளத்தின் பரப்பு: ஐந்து பேர், விடை 40 என்றால் 50 சதுர மீட்டர். ஈடன் பள்ளத்தாக்கின் பனிப்பாறைக் களிமண்ணில் எண் 100-ஐத் தாண்டி நீர் நிற்கும். ஆர்ட்டன், அஸ்பி பக்கத்துச் சுண்ணாம்புப் பாறையிலோ வெடிப்பு வழியே மடமடவென்று இறங்கிச் சுத்தமாகாமலே நிலத்தடி நீரில் கலக்கும். இரண்டிலும் தோல்விதான். மழைக்காலத்திலோ உறைபனியிலோ சோதனை செய்தால் முடிவை நம்ப முடியாது.

கவுன்சில்கள் செய்யாததை ஊரே கூட்டுறவாகச் செய்வதும் அங்கே பழக்கம். கிராஸ்பி ராவன்ஸ்வர்த் கிராமத்தின் ஒரே மதுவிடுதி மூடப்பட்டபோது, 2011-இல் ஏறத்தாழ 300 பேர் பங்கு போட்டு அதை வாங்கினார்கள். எத்தனை பங்கு இருந்தாலும் ஆளுக்கு ஒரே வாக்கு. அதே ஊரின் நில அறக்கட்டளை 12 மலிவு வீடுகளைக் கட்டியது. ஃபெல்ரன்னர் என்ற கிராமப் பேருந்து 1979 முதல் தன்னார்வ ஓட்டுநர்களால் ஓடுகிறது. இப்படிப்பட்ட பேருந்துகளுக்கு ஆபத்து டீசல் விலையைவிட ஓட்டுநர் உரிமத்தில்தான். 16 இருக்கை வண்டிக்கான டி1 உரிமம் 1997 ஜனவரி 1-க்கு முன் கார் உரிமம் பெற்றவர்களுக்கே தானாகக் கிடைத்தது. அவர்களுக்கு 70 வயது ஆனதும் அது போய்விடும். மருத்துவரிடம் படிவம் நிரப்பி மீண்டும் வாங்க வேண்டும். எரிவாயுக் குழாய் இல்லாத ஊர்களில் வெப்ப எண்ணெயைச் சேர்ந்து வாங்குகிறார்கள்; ஒரு வீட்டுக்குக் குறைந்தது 500 லிட்டர் என்பது வழக்கம். ஒருங்கிணைப்பவர் தேதி குறித்து அளவுகளைத் திரட்டி விலை பேசுவார். பணத்தை மட்டும் அவர் கையால் தொடக் கூடாது, அவரவர் நேரே விற்பவருக்குக் கட்ட வேண்டும். குறுகிய சந்துக்குச் சிறிய டேங்கர் வேண்டும் என்று முன்பே சொல்லாவிட்டால் வண்டி திரும்பிப் போய்விடும்.

ஆப்பிள்பி குதிரைச் சந்தையைப் பற்றியும் ஒன்று. ஜூன் தொடக்கத்தில் சுமார் 3,000 பேர் வாழும் ஊருக்கு ஜிப்சி, டிராவலர் மக்கள் 10,000 பேரும் வேடிக்கை பார்ப்பவர்கள் 30,000 பேரும் வருவதாகச் சொல்வார்கள். டிக்கெட் இல்லை, நடத்துபவர் என்று ஒருவர் இல்லை. ஆகவே தண்ணீர், கழிப்பறை, குப்பை, குதிரைகளின் நலம், போக்குவரத்து எல்லாவற்றையும் பல துறைகள் சேர்ந்த குழு பார்த்துக்கொள்கிறது. அதன் தலைவராக ஈடனின் தலைமை நிர்வாகி இருந்தார். ஒரு டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலின் உண்மையான வேலை என்ன என்று கேட்பவருக்கு இதைக் காட்டலாம்.

கடைசியாக, மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் வேலைக்காக இங்கிலாந்தின் கிராமப்புறங்களுக்குப் போகும் நம்மவர்களுக்கு ஒரு விவரம். இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்பதால், விசா எதுவானாலும் முறையாகக் குடியிருந்தால் அங்கே வாக்காளராகப் பதியலாம், நாடாளுமன்றத் தேர்தல் உட்பட வாக்களிக்கலாம். நம் கடவுச்சீட்டே வாக்குச்சாவடியில் அடையாளமாகச் செல்லும். பாரிஷ் கவுன்சிலுக்குப் போட்டியிட நிரந்தரக் குடியிருப்பு உரிமை வேண்டும். அது இருந்தால் முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் போதும், கட்டுத்தொகை கிடையாது. வெஸ்ட்மோர்லாந்து அண்ட் ஃபர்னஸுக்கு அடுத்த தேர்தல் 2027 மே மாதம். வாக்குப்பதிவு நாளுக்கு 12 வேலை நாள் முன்பே பதிவு முடிந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்